நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும் புத்தகம்: ரோமில் ஏழு ஆண்டு, மூன்று வழிகாட்டிகள்

ரோமுக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறேன்: 2017, 2018, 2022, 2024. கூட்டினால் ஐம்பது நாள் தேறும். மூன்று வழிகாட்டி நூல்கள் இந்தப் பயணங்களில் என் பையில் ஏறி இறங்கின. ஒன்றை முதல் பயணம் முடியும்போது விடுதி மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்னொன்று வாங்கிய பளபளப்பு குறையாமல் அலமாரியில் தூங்குகிறது. மூன்றாவது முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கலாக, மழையில் நனைந்து உப்பிப்போய்க் கிடக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இந்த மூன்றாவதைத்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எந்த ஊருக்கும் அதுபோன்ற ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

முதல் புத்தகம் வழவழப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் போட்டது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 900 கிராமுக்கு மேல். இதற்கு மூன்று நட்சத்திரம், அதற்கு இரண்டு என்று ஊருக்கே மதிப்பெண் போட்டிருந்தார்கள். படங்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனை நெடுக்காக வெட்டிக் காட்டிய ஓர் ஓவியம் அதில் இருந்தது. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரை உள்ள உயரமும் ஒன்றேதான், இரண்டும் 43 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்பது அதைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஊர் தனித்தனித் தீவுகளாக இருந்தது. பாந்தியனுக்குப் போ என்றது. பார்த்தாயிற்றா, இனி நவோனா சதுக்கத்துக்குப் போ என்றது. நடுவில் உள்ள தெருக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ரோமில் விஷயமே அந்தத் தெருக்களில்தான் இருக்கிறது.

அது தெரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. 2017இல் நானும் அக்காவும் தங்கிய விடுதி பாந்தியனுக்குப் பின்புறம். காலையும் மாலையும் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயத்தின் முகப்பைக் கடந்துதான் போய்வந்தோம். அதன் எதிரே சிற்பி பெர்னீனி வடிவமைத்த கல்யானை ஒன்று எகிப்தியத் தூணை முதுகில் சுமந்துகொண்டு நிற்கும். யானையோடு படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். மறு வருடம் மூன்றாவது புத்தகத்தோடு போனபோது, யானையை விட்டுவிட்டுத் தேவாலய முகப்பின் வலது ஓரத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னது அது. பார்த்தோம். வெவ்வேறு உயரங்களில் சிறு சிறு கற்பலகைகள். 1422, 1495, 1530, 1557, 1598, 1870. டைபர் ஆறு பெருக்கெடுத்தபோதெல்லாம் தண்ணீர் எட்டிய மட்டம் அது. 1598இல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்த வெள்ளத்தின் கோடு அக்கா கையை உயர்த்தியும் எட்டாத உயரத்தில் இருந்தது.

"போன வருடம் இந்த வழியாக எத்தனை தடவை நடந்திருப்போம்?" என்று கேட்டாள்.

"இருபது இருக்கும், அக்கா."

"யானையை மட்டும் பார்த்திருக்கிறோம்."

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். இருபுறமும் மதில்போல நிற்கும் கற்கரைகள் எதற்கு என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1870 வெள்ளத்துக்குப் பிறகு கட்டியவை அவை. அதன்பின் மினெர்வா முகப்பில் புதுப் பலகை பதிக்க வேலை வரவில்லை.

ஆகவே நடைவழிகாட்டி வாங்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது அதன் வினைச்சொற்களை. 'மூச்சடைக்க வைக்கும்', 'காணக் கண் கோடி வேண்டும்' என்றெல்லாம் பத்திக்குப் பத்தி வந்தால் மூடி வைத்துவிடுகிறேன். நில்லுங்கள், திரும்புங்கள், நான்கடி பின்னால் வாருங்கள், அந்தக் கதவுக்கு மேலே பாருங்கள் என்று இருந்தால் எழுதியவர் அங்கே கால் கடுக்க நின்றிருக்கிறார் என்று அர்த்தம். சான்த் இக்னாசியோ தேவாலயத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே குவிமாடமே கிடையாது. 1685இல் அந்திரேயா பொஸ்ஸோ தட்டையான துணியில் குவிமாடம்போல ஓவியம் தீட்டி மேலே பொருத்திவிட்டார். உள்ளே நுழைந்து குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் உள்குவிந்த மாடமாகவே தோன்றும். அங்கிருந்து பலிபீடத்தை நோக்கி நடந்தால் மாடம் ஒருபக்கமாகச் சாய்ந்து இழுபட்டுக் கடைசியில் வெறும் கறுப்புப் படமாகிவிடும். நிற்க வேண்டிய இடத்தைத் தரையிலேயே கல் பதித்துக் குறித்திருக்கிறார்கள். முதல் புத்தகம் ஓவியத்துக்கு முழுப் பக்கப் படம் போட்டிருந்தது. தரையில் உள்ள கல்லைப் பற்றி மூச்சே விடவில்லை. மூன்றாவது புத்தகத்தில் படம் இல்லை, கல் இருந்தது.

இன்னொன்று, வியா தி குரோத்தா பிந்தா என்ற சின்னத் தெரு. வில்போல வளைந்த வீட்டு வரிசை, கீழே நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வளைவு ரோமானியத் தளபதி பொம்பே கி.மு. 55இல் திறந்த நாடக அரங்கத்து இருக்கை வரிசையின் வளைவு. அரங்கத்தின் மேலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். வடிவம் மட்டும் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. இப்படிப்பட்ட தெருவுக்கு எந்த நட்சத்திரமும் கிடைக்காது. காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தின் பக்கமிருந்து ஓவியம் தீட்டிய ஒரு குறுகலான கூரைவழி இங்கே கொண்டுவந்து விடும் என்றும் புத்தகம் சொன்னது. நான் போன முதல் தடவை அந்த வழியில் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதற்காகப் புத்தகத்தைக் கோபித்துக்கொள்ளவில்லை. சுற்றி வந்தேன்.

எழுதியவர் சரிபார்த்து எழுதுகிறவரா, கேட்டதை எழுதுகிறவரா என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. நவோனா சதுக்கத்தில் உள்ள நான்கு நதி நீரூற்றுப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பெர்னீனியின் வேலை அது. நைல், கங்கை, தான்யூப், ரியோ தெ லா பிளாத்தா என்று நான்கு நதிகளும் ஆண்களாக உட்கார்ந்திருக்கும். (நமக்குத் தாயான கங்கை அங்கே தாடிக்காரராகக் கையில் துடுப்போடு சாய்ந்திருப்பதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.) எதிரே பொரோமினியின் கைவண்ணத்தில் சான்த் அக்னேசே தேவாலயம். இருவரும் தொழிலில் போட்டியாளர்கள். பிளாத்தா நதி கையைத் தூக்கியிருப்பது 'இந்தத் தேவாலயம் என்மேல் விழுந்துவிடப் போகிறது' என்று பெர்னீனி செய்த கேலி என்று ஒரு கதை. குழுவாக வருகிறவர்களுக்கு அங்கே நாளெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீரூற்று 1651இலேயே முடிந்துவிட்டது. பொரோமினி அந்தத் தேவாலய வேலையை ஏற்றது 1653இல். இல்லாத சுவரைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? கதையை உண்மைபோல் எழுதிய புத்தகத்தை வைத்துவிடலாம். கதையையே சொல்லாத புத்தகமும் எனக்குப் பிடிக்காது, அது கொஞ்சம் உப்பில்லாத ஆள். கதையைச் சொல்லி, ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்து அதை உடைத்துக் காட்டுகிற புத்தகத்தைத்தான் வாங்கினேன்.

வரைபடத்தில் நான் ஏமாந்தது அதிகம். முதல் புத்தகத்தின் வரைபடம் முன்னட்டைக்குள் ஒன்று, பின்னட்டைக்குள் ஒன்று. தெருவில் நின்று மூன்று இடத்தில் விரலை வைத்துக்கொண்டு புரட்ட வேண்டும். மூன்றாவது புத்தகம் ஊரை நடந்து பார்க்கும் பாதைகளாக, நடை நடையாகப் பிரித்திருக்கிறது; ஒவ்வொரு நடைக்கும் அதன் தொடக்கத்திலேயே தனி வரைபடம் இருக்கிறது. நிறுத்தங்களுக்கு எண், உரையிலும் அதே எண். இதுவே பெரிய வசதி. இதைவிட முக்கியமான ஒன்றை ஜாம்பாத்திஸ்தா நொல்லி 1748இல் வெளியிட்ட ரோம் வரைபடத்தின் நகலைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். பன்னிரண்டு தாள்களாக அச்சிட்ட அந்த வரைபடத்தில் வீடுகள் கோடு நிரப்பிய கறுப்பு, தெருக்கள் வெள்ளை. தேவாலயங்களின் உட்புறமும் பாந்தியனின் உட்புறமும் முற்றங்களும்கூட வெள்ளை, தூண் தூணாக வரைந்து. அதாவது காலால் நுழையக்கூடிய இடமெல்லாம் ஒரே வெள்ளைதான். நடப்பவனுக்கு ஊர் அப்படித்தானே இருக்கிறது! இப்போது எந்த வழிகாட்டியை எடுத்தாலும் வரைபடத்தில் தேவாலயம் வெறும் சிலுவைக் குறியாக இருக்கிறதா, உள்ளே தூண்களும் பக்கக் கதவும் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். பக்கக் கதவு தெரிந்தால் ஒரு தெருவில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளியே வரலாம்.

இனி என் புத்தகத்தின் மேல் உள்ள மனக்குறை. எழுதியவருக்கு மதியம் என்பதே கிடையாது. ஒரு நடையில் ஒன்பது தேவாலயங்களை அடுக்கியிருக்கிறார். அங்கே பல தேவாலயங்கள் பகல் 12, 12.30 வாக்கில் கதவைச் சாத்திவிடும். மாலை 4 மணிவாக்கில்தான் திறக்கும். பதினொரு மணிக்கு உற்சாகமாகக் கிளம்பியவன் மூன்றாவது தேவாலயத்தைப் பார்த்து முடிப்பதற்குள் ஊரே மூடிக்கொண்டது. மீதி ஆறின் வாசற்படிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நடையையும் பென்சிலால் இரண்டாக வெட்டிக்கொள்கிறேன்: உள்ளே போக வேண்டியவை காலையில், தெருவும் சுவரும் மதியத்தில். மதியத்தில் பார்க்கச் சுவர்களுக்குக் குறைவில்லை. 'இங்கே குப்பை கொட்டினால் தண்டம்' என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பளிங்கில் வெட்டிவைத்த எச்சரிக்கைகளைத் தேடுவதே ஒரு பொழுதுபோக்கு. சிலவற்றின் அடியில் இன்றும் குப்பைப் பை கிடக்கும்.

பெயரடைவு இன்னொரு தொல்லை. தேவாலயங்களை எல்லாம் சான், சான்த், சாந்தா, சாந்தி என்று புனிதர் அடைமொழியின்கீழ் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பாதி ஊர் ஒரே எழுத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. எழுத்தும் பொடி. 2018இல் வெறுங்கண்ணால் படித்தேன், 2024இல் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அக்காவின் பொறுமையைச் சோதித்தேன். "நீ ஊரைப் பார்க்க வந்தாயா, இதைப் படித்து முடிக்க வந்தாயா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அன்றைய நடையை முதல் நாள் இரவே படித்துவிடுகிறேன். தெருவில் எண்ணைப் பார்க்க மட்டும் திறக்கிறேன்.

பழைய பதிப்பு வாங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். என்னுடையது 2014 பதிப்பு. பாந்தியனுக்குள் இலவசமாகப் போகலாம் என்கிறது. 2023 ஜூலை முதல் டிக்கெட் உண்டு. லார்கோ அர்ஜென்தினா சதுக்கத்தின் நான்கு பழைய கோயில்களையும் மேலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்கிறது. 2023இல் உள்ளே நடைபாதை போட்டுத் திறந்துவிட்டார்கள். நேரம், கட்டணம், உணவகம் எல்லாம் அழுகிற சரக்கு, அச்சில் வரும்போதே பாதி கெட்டிருக்கும். அவற்றைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சான் கிளெமெந்தேயில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்திலிருந்து படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே இறங்கினால் பழைய ரோமானியக் கட்டடங்களும் மித்ரா என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டறையும், சுவருக்கு அப்பால் ஓடும் தண்ணீரின் சத்தமும். அந்தப் படிக்கட்டை விவரிக்கும் ஆறு பக்கம் 2014இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அந்த மாதிரிப் பக்கங்களுக்காக வாங்குவதென்றால் பழைய பதிப்பு போதும்.

போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பாருக்கு: வழி தவறினால் போன், வேறொன்றுமில்லை. நீலப்புள்ளி நான் நிற்கும் இடத்தைக் காட்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லாது. இரண்டாவது புத்தகமும் ஏறக்குறைய அதே ரகம், மடித்து மடித்துப் பையில் வைக்கும் அட்டைகள். அதனால்தான் அது அலமாரியில் புதுசாக இருக்கிறது.

கட்டுமானத்தைக் கடையிலேயே பாருங்கள். முதுகு நூலால் தைத்ததா, வெறும் பசையா? என்னுடையது பசை. மூன்றாவது பயணத்தில் பக்கங்கள் உதிரத் தொடங்கியதும் துணிந்து பிளேடால் அதை நடை நடையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தடித்த நூலால் மூன்று இடத்தில் தைத்துக்கொண்டேன். இப்போது அன்றைக்கு வேண்டிய இருபது பக்கம் மட்டும் சட்டைப்பையில் போகிறது. மீதி அறையில் இருக்கிறது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் குடிக்கும்போது ஒரு கையில் புத்தகம் என்ற சங்கடம் தீர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் 'பெரிய மூக்கு' என்று பெயர் வைத்திருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் அவை. கீழ்வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையில் தண்ணீர் வளைந்து வரும். இந்தச் சூட்சுமத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் குழாய் வரும் நடையின் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றே நாளுக்குப் போகிறவருக்கு என் புத்தகம் வேண்டாம். படம் போட்டதையே வாங்கிக்கொள்ளலாம், வீட்டில் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வாரத்துக்கு மேல் இருப்பவர், இரண்டாம் முறை போகிறவர், ஒரே தெருவில் மூன்று தடவை நடக்கச் சலிக்காதவர் தைத்த முதுகும், எண் போட்ட வரைபடமும், 1651க்கும் 1653க்கும் வித்தியாசம் தெரிந்த ஆசிரியரும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். என்னுடையதை இரவல் கேட்காதீர்கள். தெஸ்தாச்சோ நடை, உடைந்த எண்ணெய்ச் சாடிகள் குவிந்தே குன்றான இடம், இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த நடையின் பக்கங்களை மட்டும் அக்கா ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டாள்.