கழற்றி மாட்டும் பேட்டரி: ஆர்க்டிஸ் நோவா ப்ரோவா, மேக்ஸ்வெல்லா?

காரைக்குடி செக்காலை ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணன் என் பழைய வயர்லெஸ் கேமிங் ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கக் காதுக் கப் பிதுங்கியிருந்தது. "பேட்டரி உப்பிப் போச்சு தம்பி. திறந்துடுவேன், ஆனா மூட முடியாது, எல்லாம் பசை" என்றார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் தனி பேட்டரி தருவதில்லையாம், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமாம். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

அடுத்ததற்குத் தேடியபோது கடைசியில் நின்றவை இரண்டு. 2022-இல் வந்த ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ், அமெரிக்காவில் அறிமுக விலை 350 டாலர். 2023-இல் வந்த ஆடீஸி மேக்ஸ்வெல், ப்ளேஸ்டேஷன் பதிப்பின் அறிமுக விலை 299 டாலர். நான் வாங்கியது ஆர்க்டிஸ். மேக்ஸ்வெல் என் அத்தை மகனுடையது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனிடம் பிடுங்கிப் பத்து நாள் போட்டுப் பார்த்தேன். ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பத்து நாள் பேச்சுதான்.

சத்தத்தில் மேக்ஸ்வெல்தான், சந்தேகமில்லை. டிரைவர் என்பது கப்புக்குள் சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர். மேக்ஸ்வெல்லில் இருப்பது 90 மி.மீ. ப்ளேனார் (தட்டையான மெல்லிய சவ்வு) டிரைவர், ஆர்க்டிஸில் 40 மி.மீ. டிரைவர். பாட்டுப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். விளையாட்டில் காலடிச் சத்தம் எனக்கு இரண்டிலும் ஒரே மாதிரிதான் பிடிபட்டது. என் காதின் குறையாகவும் இருக்கலாம். எடை மேக்ஸ்வெல் 490 கிராம், ஆர்க்டிஸ் 338 கிராம். மேக்ஸ்வெல்லைக் கழற்றி வைக்கும்போது அரை கிலோ தக்காளியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் எதை எடுத்தாலும் எக்ஸ்பாக்ஸ் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி பேட்டரி. மேக்ஸ்வெல் ஒரு சார்ஜில் 80 மணி நேரத்துக்கு மேல் ஓடும். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் இருபது நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும், வருடத்துக்குப் பதினெட்டு தடவை. லித்தியம் செல் சில நூறு சார்ஜ் தாங்கும். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மேக்ஸ்வெல் பத்து வருடம் தாண்டிவிடும், நானும் அதையே வாங்கியிருப்பேன்.

ஆனால் லித்தியம் செல்லுக்கு வயதாவது சார்ஜ் எண்ணிக்கையால் மட்டும் இல்லை. சும்மா கிடந்தாலும் தேயும், சூட்டில் இன்னும் வேகமாகத் தேயும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர் இது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அந்த வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் பசை போட்டு மூடிய பேட்டரியிடம் ஏமாந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சித்திரையில் எங்கள் மாடி அறை அடுப்படிதான். அங்கே மேக்ஸ்வெல்லில் இருப்பது மாதிரி கழற்ற முடியாமல் உள்ளடங்கிய பேட்டரி எத்தனை வருடம் நிற்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆர்க்டிஸுக்கு இரண்டு பேட்டரி தருகிறார்கள், ஒவ்வொன்றும் 22 மணி நேரம் வரை. காதுக் கப்பின் மூடி காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். பழைய நோக்கியா போன் பேட்டரி மாதிரி ஒரு சின்னச் செங்கல் உள்ளே. அதை எடுத்துவிட்டு, மேசையில் இருக்கிற பேஸ் ஸ்டேஷன் (ஹெட்செட்டோடு வரும் சின்னப் பெட்டி) பக்கவாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதைச் செருக வேண்டும், அவ்வளவுதான். செத்துப் போனால் பேட்டரிக்குத்தான் செலவு, ஹெட்செட்டுக்கு இல்லை. நாலைந்து வருடம் கழித்தும் அந்தப் பேட்டரி கடையில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி ஆர்க்டிஸில் உண்டு, மேக்ஸ்வெல்லில் கிடையாது. மின்விசிறியின் இரைச்சல் நன்றாகவே அடங்குகிறது. கோயில் திருவிழா மைக் செட்டிடம் அதன் பருப்பு வேகாது. விளையாடிக்கொண்டே ப்ளூடூத்தில் போன் பேசலாம் என்பதால், ஆத்தா கூப்பிட்டால் ஹெட்செட்டைக் கழற்றாமலே பதில் சொல்கிறேன். சிக்னலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டு முற்றமான வளவு முழுக்க நடக்கலாம். இரண்டாம் கட்டுக்குள் போனால் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் இரண்டையும் நிறுத்திவிடுகிறது.

ஒன்று கவனித்தேன். பேஸ் ஸ்டேஷனிலேயே கிடந்தால் இரண்டாவது பேட்டரி எப்போதும் முழு சார்ஜில் இருக்கும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியத்துக்கு ஆகாது. அதனால் கோடையில் அதைப் பாதி சார்ஜோடு எடுத்துக் கீழே பட்டாலைச் சுவர் அலமாரியில் வைக்கிறேன், அப்பத்தாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில். வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான்.