கோழியைக்கூட அடிக்காதவன்: லெவல் மூன்றிலேயே ஆறு வருடம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் இரவு வேலை. சாயங்காலம் லாரியில் வந்து இறங்குகிற கொழுந்தை ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பி அடியில் ஃபேனை ஓடவிட்டால், அது வாட ராத்திரி முழுக்க ஆகும். நடுநடுவே எழுந்து கிளறிவிட வேண்டும், ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருண்டை பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அந்த உட்கார்ந்திருக்கும் நேரத்துக்காக 2019 மார்ச்சில் போனில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் விளையாட்டை இறக்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை, நடுவில் ஒரு விபத்தைத் தவிர, அதில் என் ஆள் போர் லெவல் 3. உச்சம் 126. விளையாட்டுக்குள் நுழையும்போது எல்லாருமே 3-தான். முதல் நாளிலேயே எல்லாரும் அதைத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டவில்லை, தாண்டவும் மாட்டேன். சண்டையே போடாமல் இப்படி வளர்க்கிற ஆளுக்கு அங்கே ஸ்கில்லர் என்று பெயர்.

ஏதோ அகிம்சைக் கொள்கை என்று நினைக்க வேண்டாம். காரணம் எங்கள் ஊர் நெட்.

இதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாத் ஆஃப் எக்ஸைல் ஆடிக்கொண்டிருந்தேன். ஏடாகூடமான பில்டுக்கு, அதாவது ஆளை வளர்க்கிற விதத்துக்கு, அதைப்போல இடம் கொடுக்கிற விளையாட்டு குறைவு. எந்த வகுப்பை எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே திறன் மரம்தான், வகுப்பு என்பது அந்த மரத்தில் எங்கே நின்று தொடங்குகிறாய் என்பது மட்டும். கோடரி வீச வேண்டிய மரோடரை எடுத்து, பிணங்களை எழுப்பி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் கைகட்டி நிற்கிறவனாக வளர்த்தேன். அதுவும் ஹார்ட்கோர் லீகில். அங்கே ஒருமுறை செத்தால் அந்த லீகை விட்டே வெளியே. நான்கு மாத உழைப்பு. நீலகிரியில் பல இடங்களுக்கு ஆடியில் மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் சாத்தும். அப்படி ஒரு ராத்திரி எங்கேயோ மரம் விழுந்து கேபிள் அறுந்தது. காலையில் பார்த்தால் மரோடர் போய்ச் சேர்ந்திருந்தான். எவன் அடித்தான் என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் யோசித்தேன்: நெட் போனால் செத்துப்போகாத ஆள் எவன்? சண்டைக்கே போகாதவன். மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது லைன் போனால் என்ன நஷ்டம்? நாலு கட்டை குறையும். அவ்வளவுதான். போதாக்குறைக்கு ரூன்ஸ்கேப்பின் கடிகாரமே மெதுவாக ஓடுகிற கடிகாரம். சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும், அதை டிக் என்பார்கள். பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகிற நேரம், இருநூறு மில்லி நொடியைத் தாண்டினாலும் மரம் வெட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. 2007 ஆகஸ்ட்டில் இருந்த விளையாட்டை எடுத்து 2013-ல் திரும்ப விட்டது அது, படமும் அந்தக் காலத்துப் படம்தான். சூடு பிடிக்காத போனில் ஓடும்.

சண்டை போடாமல் இருப்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். தற்காப்பு, உயிர் இரண்டையும் கூட்டி, அதோடு பிரார்த்தனையில் பாதியைப் பின்னம் தள்ளிச் சேர்த்து, வந்ததில் நாலில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். தாக்குதலையும் பலத்தையும் கூட்டி 0.325-ஆல் பெருக்கி அதோடு சேர்க்க வேண்டும். புது ஆளுக்கு உயிர் 10, மற்றதெல்லாம் 1. 2.75-ம் 0.65-ம் சேர்ந்து 3.4. பின்னத்தைத் தள்ளினால் 3. ஆக என் கையிருப்பு இந்த 3.4-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கிற சில்லறை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் பிரார்த்தனையை 5 வரை ஏற்றலாம், 6 ஆனால் 4-வது லெவல். மந்திரத்துக்குத் தனிக் கணக்கு; அதை மட்டும் ஏற்றினால் 2 வரை தாங்கும், 3 ஆனால் போச்சு.

இது தெரிந்த பிறகு விளையாட்டில் கிடைக்கிற பரிசெல்லாம் பொறியாகத் தெரிய ஆரம்பிக்கும். சுடுகாட்டுப் பேய்க்கு அதன் மண்டையோட்டைத் தேடிக் கொடுக்கிற ஒரு குவெஸ்ட் இருக்கிறது, புதிதாக வருகிற எல்லாரும் முடிப்பது. ஒரு அடிதடி வேண்டாம். ஆனால் முடித்தால் 1,125 பிரார்த்தனைப் புள்ளியைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரே தாவலில் பிரார்த்தனை 9, ஆள் 4. அருவிக் குவெஸ்ட் ஒன்று, தாக்குதலுக்கும் பலத்துக்கும் ஆளுக்கு 13,750. மற்றவர்கள் அதைத் தேடி ஓடுவார்கள், நான் அந்த ஆற்றங்கரைப் பக்கமே போவதில்லை. இதைவிட மோசம், மீன்பிடிப்பிலேயே ஒரு வகை பலத்தை ஏற்றும். மீன் பிடிக்கப் போய்ப் பயில்வான் ஆகிற கதை. ஆக, சமையல்காரனுக்கு முட்டையும் பாலும் மாவும் வாங்கிக் கொடுப்பதுபோல ஆபத்தில்லாத குவெஸ்ட்டாகப் பொறுக்கித்தான் செய்ய வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அதன் பரிசு என்ன என்று விக்கியில் படித்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் முதல் அக்கவுண்ட் போனது. பதினாலு மாதம் ஆனது.

2020 மே, லாக்டவுன். அக்கா மகன் கோயமுத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டான். ஏழாவது படிக்கிறவன், பள்ளிக்கூடம் இல்லை, வெளியே விடவும் முடியாது. நான் ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்கும்போது போன் அவன் கையில். ஒரு மத்தியானம் எழுந்து டீ குடித்துக்கொண்டே போனை வாங்கிப் பார்க்கிறேன், பேருக்குப் பக்கத்தில் 4 என்று இருக்கிறது.

"டேய், என்னடா செஞ்ச?"

"மாமா, உங்க ஆளு கோழியைக்கூட அடிக்க மாட்டேங்குறான். நான் பழக்கிவிட்டிருக்கேன்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. லம்பிரிட்ஜ் பண்ணைக் கோழிகள். ஒரு கோழிக்கு உயிர் 3, ஒரு அடிக்கு நான்கு புள்ளி வீதம் கோழிக்குப் பன்னிரண்டு. பதினைந்து கோழி அடித்தால் 180. தாக்குதல் மூன்றாவது லெவலுக்கு 174 போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினைந்துதான். பதினாலோடு நிறுத்தியிருந்தால் ஆள் 3-லேயே நின்றிருப்பான். ஏறியதை இறக்க எனக்கு வழியில்லை. பையனைத் திட்டவும் மனம் வரவில்லை. அவன் நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். நாலு நாள் விளையாட்டைத் திறக்கவில்லை. ஜூனில் புது அக்கவுண்ட். அதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. போனில் இப்போது ரேகை வைத்தால்தான் திறக்கும்.

இந்த இரண்டாவது ஆளோடுதான் விளையாட்டின் உள்வழிகள் பிடிபட்டன. மொத்தத் திறன்களில் ஏழு போருக்கு, மற்றது எனக்கு. மரவெட்டு, மீன், சுரங்கம், விவசாயம், வீடு கட்டல், திருட்டு. திருட்டை வைத்துத்தான் எனக்கு மருந்துச் செலவு ஓடுகிறது. வரோக் நகரத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, திருட்டு லெவல் 5 இருந்தால் கோப்பையோடு தூக்கலாம். ஒரு டீ குடித்தால் மூன்று உயிர் ஏறும். பத்தே உயிர் உள்ளவனுக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டீ விற்றுப் பிழைக்கிற ஊர்க்காரன் டீ திருடுகிறான் என்று ஃபேக்டரியில் ஒருத்தர் விடாமல் சிரித்துவிட்டார்கள்.

ஸ்லேயர் என்று ஒரு திறன் உண்டு. குறிப்பிட்ட மிருகங்களைக் கொன்று வரச்சொல்லி ஒரு வாத்தியார் வேலை கொடுப்பார். அடிக்காதவன் எப்படிக் கொல்வது? அதற்கு ரீகாயில் மோதிரம். நம்மை அடிக்கிறவனுக்கு, அடித்ததில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் ஒன்றும் திருப்பிப் போகும். பின்னம் தள்ளுபடி. என் உயிரே பத்து என்பதால் நான் பிழைத்து வாங்குகிற அடி எதற்கும் திரும்பிப் போவது ஒன்றுதான். ஒன்று அடித்தாலும் ஒன்று, ஒன்பது அடித்தாலும் ஒன்று. இப்படி நாற்பது திருப்பியதும் மோதிரம் உடைந்துபோகும். திரும்பிப் போகிற அடிக்குப் போர்ப் புள்ளி ஏதும் நம் கணக்கில் ஏறாது, ஆனால் மிருகம் செத்தால் ஸ்லேயர் புள்ளி வரும். தானாக வந்து கடிக்கிறதிடம்தான் இது நடக்கும். சும்மா மேய்கிற கோழி என்னை ஏன் கொத்தப் போகிறது? ஆக எனக்குத் தேவை முன்கோபிகள் மட்டும். தேளுக்கு முன்னால் நின்றுகொண்டு, கொட்டு வாங்கி, டீ குடித்து, மறுபடி கொட்டு வாங்கி. பார்க்கிறவனுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். இந்த ஒரு திறனை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஆனால் முதல் தேள் விழுந்த ராத்திரி ட்ரஃப்பில் இலை கிளற அரைமணி தாமதமாகப் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்த இடம் வின்டர்டாட். 2016-ல் வந்தது. அது ஒரு பெரிய எதிரி, ஆனால் கத்தியால் அடிக்க முடியாது. குளிரே அதன் ஆயுதம். வேரை வெட்டி வந்து, கணப்பில் போட்டு, தீ அணையாமல் பார்த்துக்கொண்டால் மெல்ல மெல்ல அடங்கும். தீ மூட்டும் திறன் 50 இருந்தால் உள்ளே விடுவார்கள், போர் லெவலை யாரும் கேட்பதில்லை. 126-ம் 3-ம் ஒரே கணப்பைச் சுற்றி நின்று வேர் போடுகிற இடம் அது. நான் ஆரம்பித்த காலத்தில் குளிர் எவ்வளவு கடிக்கும் என்பது உயிர் லெவலைப் பொறுத்து இருந்தது, அதனால் என்னை லேசாகத்தான் கடித்தது. கம்பளி வகையில் நான்கு உருப்படி மாட்டிக்கொண்டால் கடி குறையும். நான் குல்லாயும் மஃப்ளரும் சுற்றி, கையுறையில் இரண்டு விரல் மட்டும் வெட்டிவிட்டுப் போனைத் தட்டுகிறவன். உள்ளே என் ஆளும் அதே கோலம். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிற ராத்திரிகளில் இதை ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாதி உலகம் பூட்டியே இருக்கும். நல்ல கதை உள்ள குவெஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் போவதில்லை. அடுத்து, நேரம். 99-வது லெவலுக்கு 1,30,34,431 புள்ளி. 92-ல் நிற்கும்போது வந்துவிட்டோம் என்று தோன்றும், உண்மையில் அதுதான் பாதி வழி. மரவெட்டில் அந்த 92-ஐப் பார்த்த அன்று சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நல்லவேளை, 90-லிருந்து ரெட்வுட் வெட்டலாம். ஒரு மரம் நெடுநேரம் தாங்கும், ஒருமுறை தட்டிவிட்டுப் போய் இலையைக் கிளறிவிட்டு வரலாம். நான் சொன்ன திறன்களில் பலவும் காசு கட்டிய உறுப்பினருக்கு மட்டுமே. மாதச் சந்தா உண்டு, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அப்புறம் சந்தேகப் பார்வை. லெவல் 3-ல் மணிக்கணக்கில் மரம் வெட்டுகிறவனைப் பார்த்தால் மனிதன் என்று யாரும் நம்புவதில்லை. பாட், அதாவது தானாக ஆடுகிற ப்ரோக்ராம், என்று நினைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். உடனே பதில் சொல்லிவிட வேண்டும். நான் தமிழில் வணக்கம் என்று ஆங்கில எழுத்தில் அடிப்பேன், அதோடு விட்டுவிடுவார்கள்.

இந்தக் கிறுக்கில் நான் ஒண்ணுமில்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் டபுளேஜன்ட் என்று ஒரு பாண்டா இருந்தது. 2012-ல் பாண்டா இனம் வந்தபோது, ஆரம்பத் தீவை விட்டுக் கிளம்பும்போது இரண்டு கட்சியில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அது தேர்ந்தெடுக்கவே இல்லை. அந்தத் தீவிலேயே பூப்பறித்து, கனிமம் தோண்டி, அன்றைய உச்ச லெவலான 90 வரை ஏறியது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொழுந்து பறிக்கிற எங்கள் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

இப்போது வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. மழைக்கு எப்போதாவது போகும், அவ்வளவுதான். இனிமேல் சண்டைக்காரன் ஒருத்தனை வளர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு வாரம் முயன்றேன், தனி அக்கவுண்டில். பார்த்ததையெல்லாம் அடிக்கலாம் என்றதும் எதையும் படிக்கத் தோன்றவில்லை. வாங்கு, மாட்டு, அடி. விட்டுவிட்டேன். விடிகாலை ஃபேக்டரியிலிருந்து நடந்து வரும்போது கரடியோ காட்டுமாடோ ரோட்டில் நின்றால் ஒதுங்கி, அது போகும்வரை நிற்கிற ஆள் நான். உள்ளேயும் அதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

அக்கா மகன் இப்போது காலேஜ். அவனும் அதே விளையாட்டில் 100-க்கு மேல் போயிருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், பனிக்காற்றில் ஒரு டி-சர்ட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, வின்டர்டாட் ஒரே கடியா கடிக்குது, என்ன செஞ்சாலும் தாங்கலை, நீங்க எப்படி நிக்கிறீங்க?" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன். தலை முதல் கால்வரை இரும்புக் கவசம். குளிருக்கு அது எதற்கு?

"முதல்ல அதைக் கழட்டிட்டுக் குல்லா போடு. நீயும் உள்ள போய் ஸ்வெட்டர் எடுத்துட்டு வா."