புது வீடுகள் எந்தப் பக்கம் வரவேண்டும்? நகர்மன்றம் முடிவெடுக்கும் நான்கு வழிகள்

ஓர் ஊர் வளரும்போது இரண்டு கேள்விகள் எழும். எத்தனை வீடுகள் வேண்டும்? அவை எந்தப் பக்கம் வரவேண்டும்? பொதுக்கூட்டங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம். "இந்த வயலில் கட்டாதீர்கள்" என்று தொடங்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் "இங்கே இனி வீடே வேண்டாம்" என்பதில் போய் நிற்கும். எத்தனை வீடு என்பதை ஓர் ஊரின் நகர்மன்றம் மட்டும் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது என்பது என் எண்ணம். ஆனால் எங்கே என்பதை அதுதான் தீர்மானிக்கவேண்டும். அதுவும், எந்த பில்டரும் விண்ணப்பத்தோடு வருவதற்கு முன்பே வரைபடத்தில் தீர்மானித்திருக்கவேண்டும். உலகத்தில் நடைமுறையில் இருக்கும் சில வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படிச் சொல்வதற்கான காரணம் தெரியும்.

முதல் வழி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாக எடுத்து முடிவு செய்வது. இங்கிலாந்து இதற்கு நல்ல உதாரணம். 1947-இல் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, நிலம் சொந்தமாக இருந்தாலே அதில் கட்டும் உரிமை வந்துவிடாது. திட்ட அனுமதி வாங்கியாகவேண்டும். பெரிய விண்ணப்பங்கள் உறுப்பினர்கள் அடங்கிய குழுவின் முன் வரும். அங்கே 'டவுன் கவுன்சில்' என்ற பெயரோடு இருக்கும் அடிமட்ட அமைப்புக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் கிடையாது. கருத்து மட்டும் சொல்லலாம். முடிவு அதற்கு மேலே உள்ள மாவட்ட அல்லது பரோ கவுன்சிலின் கையில் இருக்கிறது. இது தெரியாமல் டவுன் கவுன்சில் உறுப்பினரைத் திட்டித் தீர்ப்பவர்கள் அங்கே நிறையப் பேர்.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. எந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்திப்பில் பள்ளி விடும் நேரத்தில் வண்டி நகராது என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஒரு விண்ணப்பத்தை அதன் முகத்தைப் பார்த்து எடைபோடும் வாய்ப்பு இந்த முறையில் இருக்கிறது.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே அந்த ஊரில் வீடு உள்ளவர்கள். புது வீட்டுக்குக் குடிவரப் போகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் வேறெங்கோ வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆகவே உறுப்பினர்கள் கேட்கும் குரல் ஒரு பக்கத்துக் குரல்தான். மறுப்பது எளிது, கைதட்டலும் கிடைக்கும்.

சரி, தொடர்ந்து மறுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீட்டு மனைகள் தயாராக இருப்பதைக் காட்டவேண்டும் என்று இங்கிலாந்தின் தேசியக் கொள்கை எதிர்பார்க்கிறது. காட்ட முடியாவிட்டால், இடம் பற்றிய அதன் கொள்கைகளில் பல காலாவதியானவையாகக் கருதப்பட்டு, தராசு விண்ணப்பதாரர் பக்கம் சாயும். அவர் மேல்முறையீட்டுக்குப் போவார். மத்திய அரசின் திட்ட ஆய்வாளர் முடிவெடுப்பார். அப்புறம் வீடுகள் எங்கே வரும்? எந்த நிலத்தை பில்டர் முன்னாலேயே ஒப்பந்தம் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறாரோ அங்கே. பெரும்பாலும் அது ஊரின் ஓரத்தில், ஒரே உரிமையாளரிடம் உள்ள காலி வயலாக இருக்கும். நடு ஊரில் மூடிக்கிடக்கும் தொழிற்சாலை நிலத்தைச் சுத்தம் செய்து கட்டுவது கடினம், செலவும் அதிகம். எல்லாவற்றையும் மறுத்த மன்றம், தான் எதைக் காப்பாற்ற நினைத்ததோ அந்த வயலையே பறிகொடுக்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது வழி, முதலில் வரைபடம், பிறகு விதி. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று முன்பே எழுதிவிடுவது. அதற்குப் பொருந்தும் கட்டடத்துக்கு ஓட்டெடுப்பு இல்லாமல் அனுமதி தருவது. ஜப்பானில் 1968-ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் சட்டம் இதற்கு அடித்தளம். நிலப் பயன்பாட்டு வகைகளை நாடு முழுமைக்கும் தேசியச் சட்டமே வரையறுக்கிறது. இப்போது 13 வகைகள். எந்த வகை எந்தத் தெருவுக்கு என்பதை உள்ளாட்சி முடிவு செய்கிறது. முழுத் தொழிற்சாலைப் பகுதி என்ற ஒரு வகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வீடு கட்டலாம். இதனால் "இங்கே தனி வீடு மட்டும்தான், அடுக்குமாடி கூடவே கூடாது" என்று ஓர் ஊர் தனக்கென்று புதிதாக ஒரு வேலி வகையைக் கண்டுபிடிக்க முடியாது.

இதே கருவி அமெரிக்காவில் வேறு விளைவைத் தந்தது. யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் 1926-இல் உச்ச நீதிமன்றம், நிலத்தைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கும் மண்டலப் பிரிப்பைச் செல்லும் என்று சொன்ன பிறகு, வகைகளையும் ஒவ்வொரு ஊரும் தானே எழுதிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. பல ஊர்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதி ஒரு குடும்பத் தனி வீட்டுக்கு மட்டும் என்று ஆனது. குறைந்தபட்ச மனை அளவைப் பெரிதாக வைத்தாலே போதும், வசதி குறைந்தவர்கள் உள்ளே வர முடியாது. முன்கூட்டியே வரைபடம் போடுவது நல்லதுதான்; ஆனால் வகைகளை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறக்கிறது. 2010-இல் அங்கே எட்டு உள்ளாட்சி அமைப்புகள் ஒரே மன்றமாக இணைக்கப்பட்டன. 2016-இல் வந்த ஒருங்கிணைந்த திட்டம், குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிட அடர்த்தியாகக் கட்ட வழிவிட்டது. அதன் பிறகு கட்டட அனுமதிகள் நன்றாகக் கூடின. அதிலும் தளர்வு கிடைத்த பகுதிகளில் வரிசை வீடுகள் நிறைய வந்தன. தனித்தனி மன்றங்களாக இருந்தபோது அடர்த்தியைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடலாம். ஒரே மன்றமாகிவிட்டால் தள்ளுவதற்குப் பக்கத்து ஊர் கிடையாது.

மூன்றாவது வழி, ஊருக்கு மேலே உள்ள ஒரு பிராந்திய அமைப்பு எல்லைக்கோடு போடுவது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் ஒரு நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி போர்ட்லாந்துப் பகுதிக்கு 1979-இல் நகர வளர்ச்சி எல்லை வந்தது. அந்தக் கோட்டைக் கவனிப்பது மெட்ரோ என்ற, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிராந்திய மன்றம். அடுத்த 20 ஆண்டு வளர்ச்சிக்குப் போதுமான நிலம் கோட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. வெளியே விளைநிலமும் காடும் தப்பின. உள்ளே? கோடு மட்டும் போட்டுவிட்டு உள்ளே நெருக்கமாகக் கட்ட விடாவிட்டால் நில விலைதான் ஏறும். 2019-இல் ஓரிகன் இன்னொரு சட்டம் போட்டு, பெரிய ஊர்களில் தனி வீட்டுப் பகுதிகளிலும் இரண்டு முதல் நான்கு வீடுகள் கொண்ட கட்டடங்களை அனுமதிக்கவேண்டும் என்றது. கோடு போட்டு நாற்பது வருடம் கழித்து வந்த அந்தச் சட்டம் கோட்டோடு சேர்ந்தே வந்திருக்கவேண்டும். லண்டனைச் சுற்றி, கட்டடம் கட்டக் கடும் கட்டுப்பாடு உள்ள பசுமை வளையத்திலும் இதே சிக்கல்தான். வளர்ச்சி நிற்கவில்லை, வளையத்தைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தது. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அந்த வளையத்தைக் கடந்து பயணம் செய்கிறார்கள்.

நான்காவது, மண்டலப் பிரிப்பே இல்லாமல் விடுவது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பில் மக்கள் அதை வேண்டாம் என்றார்கள். ஆனாலும் பத்திரத்தில் எழுதப்படும் தனியார் கட்டுப்பாடுகள் பல பகுதிகளில் அதே வேலையைச் செய்கின்றன. 1998-இல் மத்தியப் பகுதியில் மனை அளவு விதி தளர்ந்ததும் சிறு மனைகளில் நிறைய வீடுகள் எழும்பின, அது நல்ல பாடம். மறுபக்கம், அந்தப் பெருநகரப் பகுதியில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் தண்ணீர் ஏறும் இடத்திலேயே குடியிருப்புகள் வந்துவிட்டன. 2017-இல் ஹார்வி புயலின்போது அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. இந்த இடத்தில் கட்டாதே என்று சொல்ல யாராவது இருந்தே ஆகவேண்டும். இந்த வழியை நான் ஏற்காததற்கு இதுவே போதும்.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியை, மூன்றாவதிலிருந்து ஒரு பகுதியைச் சேர்த்து. எண்ணிக்கையும் வகைகளும் மேலிருந்து வரட்டும். இடத்தை நகர்மன்றம் வரையட்டும். வரையும்போது கழிவுநீர்க் குழாயில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது, பேருந்து எந்தச் சாலையில் ஓடுகிறது, எந்தப் பள்ளியில் வகுப்பறை காலியாக இருக்கிறது என்று பார்த்து நிலங்களை வரிசைப்படுத்தவேண்டும். நடு ஊரின் கைவிடப்பட்ட நிலங்கள் முதலில், ரயில் நிலையத்தை ஒட்டியவை அடுத்து, ஓரத்து வயல் கடைசியில். முழுதாக ஒரு புது ஊரே வேண்டும் என்றால் அது மன்றத்தின் சக்திக்கு மீறியது. இங்கிலாந்தின் புது ஊர்களான ஸ்டீவனேஜ், மில்டன் கீன்ஸ் போன்றவற்றை அரசு அமைத்த வளர்ச்சிக் கழகங்கள்தான் உருவாக்கின.

ஊர்மக்கள் தங்கள் கோபத்தை எப்போது காட்டவேண்டும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டின் சட்டம், அடிமட்ட மன்றங்கள் தங்கள் வட்டாரத் திட்டத்தைத் தாங்களே எழுதி, பொது வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு பெற்றால் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு என்றது. மேல்மட்டத் திட்டம் சொன்ன வீடுகளைக் குறைக்க முடியாது. எங்கே என்று சொல்லலாம். புதுக் கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு வரி வசூலிக்கப்படும் இடங்களில், அப்படித் திட்டம் போட்ட பகுதிக்கு அந்த வரியில் 25 சதவீதம் கிடைக்கும், போடாவிட்டால் 15 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் ஊரில் வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் அந்தச் சில வாரங்களில் போய்ப் பாருங்கள். அப்போது கூட்டம் இருக்காது, வரைபடத்தில் பென்சில் கோடுதான் இருக்கும். உங்கள் தெருவுக்கு எந்த வகை எழுதியிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். "எங்கள் பக்கம் வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அத்தனை வீடுகளுக்கும் மாற்று இடத்தைக் குறித்து, அங்கே குழாயும் சாலையும் இருப்பதைக் காட்டினால் அவர் அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.