முதலை யாருக்குப் பங்காளி? விலங்குகளை வகுக்கும் இரண்டு வழிகள்

விலங்குகளைப் பெரிய குழுக்களாகப் பிரிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பள்ளியில் படித்த அடுக்கு முறை. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்று படிப்படியாக இறங்கும். விலங்குகளின் அறிவியல் பெயர்க் கணக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இன்னொன்று, ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-இல் முன்வைத்த கிளை முறை. ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அத்தனை உயிர்களும் சேர்ந்தால்தான் குழு. ஒன்றைக்கூட வெளியே நிறுத்தக் கூடாது.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் முதலை. செதில், குளிர் ரத்தம், தரையோடு ஒட்டிய நடை. அடுக்கு முறை இதையெல்லாம் பார்த்துப் பல்லியோடு சேர்த்து ஊர்வனவில் போட்டுவிட்டது. உள்ளே பார்த்தால் கதை வேறு. பல்லியின் இதயத்துக்கு மூன்று அறை; முதலைக்குப் பறவையைப் போல நான்கு. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்டதும் தாய் முதலை கூட்டைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் வைத்து நீருக்குக் கொண்டுபோகும். இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய பங்காளி பறவைதான். அப்படியென்றால் பறவைகளையும் ஊர்வனவுக்குள் சேர்க்க வேண்டும், இல்லையேல் அந்தக் குழுவையே கலைக்க வேண்டும். மீன்களின் பாடு இன்னும் மோசம். நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிடப் பசுமாடு நெருங்கிய உறவு! கிளை முறைக்கு இதைச் சொல்லக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அதற்காக அடுக்கு முறையைத் தூக்கிப்போட முடியாது. கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு பெயர் தேடுகிறவருக்குக் காலை எண்ணு, இறக்கையைப் பார் என்று வழி காட்டுவது அதுதான். ஆனால் அதன் படிகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. சுமார் 11,000 இனங்கள் உள்ள பறவைகளும் ஒரு வகுப்பு. பெயரிடப்பட்டவை மட்டுமே பத்து லட்சம் அளவுக்கு உள்ள பூச்சிகளும் ஒரு வகுப்பு.

சரி, உறவை எதை வைத்து முடிவு செய்வது? உடலமைப்பா, மரபணுவா? மண்புழுவுக்கும் பூச்சிக்கும் உடல் வளையம் வளையமாக இருப்பதால் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இரண்டையும் ஒரே பெரும்பிரிவில் வைத்தார். அது வெகுகாலம் நிலைத்தது. 1997-இல் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஒரு மரபணுவை ஒப்பிட்டவர்கள் பூச்சியை உருளைப்புழுவோடு சேர்த்தார்கள். இரண்டும் தோலுரித்து வளர்பவை. உருளைப்புழு முதிர்வதற்குள் நான்கு முறை உரிக்கும். தோலுரிக்காத மண்புழு நத்தையின் பக்கம் போய்விட்டது. உறவுதான் கேள்வி என்றால் என் ஓட்டு கிளை முறைக்கும் மரபணுவுக்கும்தான்.

ஆனால் மரபணுவும் எல்லா வழக்கையும் தீர்த்துவிடவில்லை. விலங்குகளில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லி என்ற கண்ணாடி போன்ற கடல் உயிரா? 2008-இல் பல மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு சீப்பு ஜெல்லி என்றது. பின்னால் வந்த சில ஆய்வுகள் கடற்பஞ்சு என்றன. 2023-இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் மறுபடி சீப்பு ஜெல்லி என்றார்கள்; சண்டை ஓயவில்லை. கடற்பஞ்சுக்கு நரம்பும் தசையும் இல்லை, சீப்பு ஜெல்லிக்கு இரண்டும் உண்டு. சீப்பு ஜெல்லிதான் முதலில் பிரிந்தது என்றால், நரம்பு தனித்தனியாக இரண்டு முறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சு இருந்ததை இழந்திருக்க வேண்டும்.