பூட்டிக்கொண்ட முழங்கைக்கு அறுவை சிகிச்சை: எங்கள் மதிப்பீடு

மூட்டு விலகல், எலும்பு முறிவு, தீக்காயம், தலைக்காயம் இவற்றுக்குப் பிறகு முழங்கையைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை பூட்டிக்கொள்வதுண்டு. அடிபட்ட கையை எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் இதைத் தூண்டும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

முழுதாக நீட்டிய கையை 0 டிகிரி என்று வைத்தால், முழங்கை 30 முதல் 130 டிகிரி வரை மடங்கி நீண்டால் அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாதவருக்கு, அந்த எலும்பை வெட்டி எடுக்கும் இந்த அறுவை பெரிய வரம். முன்பு ஒன்றரை ஆண்டு வரைகூடக் காத்திருக்கச் சொல்வார்கள். இப்போது எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் தெளிவாகத் தெரிந்து, வீக்கமும் சூடும் அடங்கியிருந்தால் 4–6 மாதத்திலேயே செய்கிறார்கள்.

சிடி ஸ்கேன் பார்க்காமல் தேதி குறிக்கும் இடம் வேண்டாம். காரணம் அல்னார் நரம்பு. முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் ஓடும் இது, சில நேரம் புது எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும். முதலில் அதைத் தேடிப் பிரித்து ஒதுக்கிவிட்டுத்தான் எலும்பில் உளி வைக்க வேண்டும். தவறினால் சுண்டுவிரல் மரத்துப்போகும், பிடி தளரும்.

எலும்பு மீண்டும் வளராமலிருக்க இண்டோமெதசின் என்ற வலி, வீக்கம் குறைக்கும் மருந்து தருவார்கள், வழக்கமாக நாளுக்கு 75 மி.கி., 3 முதல் 6 வாரம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். சிலருக்கு அதற்குப் பதிலாக அறுவை முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஒரே தடவை சுமார் 7 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தருவார்கள்.

ஓரிரு நாளில் பயிற்சி தொடங்காவிட்டால், அறுவை மேசையில் கிடைத்த கோணம் கைநழுவிவிடும். கட்டணத்தில் பிசியோதெரபியும் அடங்குமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.