ஓஎஸ்பிஎஃப்போடு 15 வருடம்: லிங்க் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

கிளை அலுவலகங்களை இணைக்கும் வேலைக்கு 2008-இல் வந்தேன். அன்று முதல் ஓஎஸ்பிஎஃப்தான் (ரூட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறி, சிறந்த பாதையைக் கணக்கிடும் முறை). நெட்வொர்க் படுத்துவிட்டது என்று என்னை ராத்திரியில் எழுப்பிய பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிந்தன: இன்டர்ஃபேஸின் (ரூட்டரில் லிங்க் சேரும் முனை) நெட்வொர்க் வகை, அதாவது அந்த லிங்க் எப்படிப்பட்டது என்று ஓஎஸ்பிஎஃப் நினைக்கிறது என்பது.

ஈதர்நெட்டைக் கண்டால் ஓஎஸ்பிஎஃப் அதைப் பிராட்காஸ்ட் (ஒரு செய்தி எல்லா ரூட்டருக்கும் போகும் வகை) என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஸ்விட்ச்சில் 10 ரூட்டர்கள் இருந்து, எல்லாம் எல்லாவற்றோடும் முழு உறவு வைத்தால் 45 ஜோடி. அதைத் தவிர்க்கத்தான் தலைமை ரூட்டராக ஒரு டிஆர், அதற்குத் துணையாக ஒரு பிடிஆர். மற்றவை இந்த இரண்டோடு மட்டும் தகவலை ஒத்துப்பார்த்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒருமுறை டிஆர் ஆன ரூட்டர், பிரயாரிட்டி (டிஆர் தேர்தலில் முன்னுரிமை எண்) கூடுதலான இன்னொன்று பிறகு வந்தாலும் இடத்தை விடாது.

கிளைகளை இணைக்கும் பழைய டபிள்யூஏஎன் முறையான ஃப்ரேம் ரிலேயில்தான் நிறையப் பாடுபட்டேன். அங்கே மல்டிகாஸ்ட் (பல ரூட்டருக்கு ஒரே செய்தி) போகாது, நெய்பரை (எதிர் ரூட்டரை) கையால் எழுதித் தர வேண்டும். சிஸ்கோவில், நெய்பர் உயிரோடு இருப்பதைச் சொல்லும் ஹலோ 10 விநாடிக்குப் பதில் 30, ஹலோ வராவிட்டால் நெய்பர் போய்விட்டது என்று முடிவுகட்டும் டெட் டைமர் 40-க்குப் பதில் 120. தலைமையகத்தோடு மட்டும் லிங்க் உள்ள ஒரு கிளை டிஆர் ஆகிவிட்டால், மற்ற கிளைகளுக்கு அதை எட்டவே வழியில்லை. ரூட்டுகள் தாறுமாறாகிவிடும். கிளைகளின் பிரயாரிட்டியை 0 ஆக்கி, அவை டிஆர் ஆகாதபடி சமாளித்தோம். பிறகு பாயின்ட் டு மல்டிபாயின்ட் (ஒரு முனையிலிருந்து பல தனித்தனி லிங்க்குகள்) வகைக்கு மாறினோம். டிஆரே கிடையாது. ரூட்டிங் டேபிளில் ஒரே முகவரிக்கான /32 ரூட்டுகள் கூடுதலாக வந்து நிற்கும், அதை நான் பொருட்படுத்தவில்லை.

என்னை அதிகம் அலையவிட்டது வேறொன்று. ஒரு முனை பிராட்காஸ்ட், மறுமுனை பாயின்ட் டு பாயின்ட் (இரண்டே ரூட்டர்கள் உள்ள லிங்க் வகை). இரண்டுக்கும் டைமர் 10, 40 என்பதால் நெய்பர் ஃபுல் (முழு உறவு) என்றே காட்டியது. ரூட் ஒன்றுகூட வரவில்லை! கேபிள், ஏரியா (ஓஎஸ்பிஎஃப் பிரிவு எண்), எம்டியு (பாக்கெட் அளவின் உச்சம்) எல்லாம் பார்த்தாயிற்று. லிங்க் விவரங்கள் சேரும் ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸைத் திறந்தபோதுதான் புரிந்தது. ஒரு ரூட்டர் "டிஆர் உள்ள நெட்வொர்க்கில் இருக்கிறேன்" என்கிறது, மற்றது "எதிரே ஒரு ரூட்டர்தான்" என்கிறது. இரு வாக்குமூலமும் பொருந்தாததால் பாதைக் கணக்கில் அந்த லிங்க்கே இல்லை.

மல்டிபாயின்ட் ஜிஆர்இ டனலிலும் (ஒரே இன்டர்ஃபேஸ் வழியே பல கிளைகளை இணைக்கும் மெய்நிகர் லிங்க்) எச்சரிக்கை தேவை. சிஸ்கோவில் டனல் தானாகப் பாயின்ட் டு பாயின்ட் ஆகிவிடும், இரண்டாவது கிளை சேர்ந்ததும் நெய்பர் ஏறி இறங்கத் தொடங்கும். லூப்பேக்கும் (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) தானாக ஒரு வகையை எடுத்துக்கொள்ளும், /24 கொடுத்தாலும் வெளியே /32 என்றே சொல்லும்.

இப்போது இரண்டே ரூட்டர்கள் உள்ள ஈதர்நெட் லிங்க் எதையும் பாயின்ட் டு பாயின்ட் ஆக்கிவிடுகிறேன். டிஆர் தேர்தலுக்காக 40 விநாடி காத்திருப்பது இல்லை, டேட்டாபேஸும் இளைக்கிறது. இரு முனையிலும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' போட்டு வகையைப் பார்க்காமல் எந்தக் கிளையிலிருந்தும் நான் கிளம்புவதில்லை.