அம்மியா, மிக்சியா, ஞாயிற்றுக்கிழமை டப்பாவா?

கல்யாணமான முதல் மாதத்தில் எங்களுக்குள் வந்த ஒரே பெரிய சண்டை அரை முறித் தேங்காயால் வந்தது. செவ்வாய்க்கிழமை, இரவு எட்டே கால். இரண்டு பேரும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தோம். நாகர்கோவிலில் மாடியில் வாடகை வீடு. காலையிலேயே கழுவி வைத்த சாளை (மத்தி மீன்) ஃபிரிட்ஜில் இருக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது. "தேங்கா யாரு திருவுவா?" என்று கேட்டேன். இவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இண்ணைக்குத் தேங்கா இல்லாம வைக்கப்பிடாதா?" என்றார்.

கருங்கல் ஊர்ப் பக்கத்து ஆள் பேசுகிற பேச்சா இது? மேற்கே அவர்கள் வீட்டில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மசிப்பதற்கே ஒரு முறி (மூடி) தேங்காய் ஆகும். நான் பூதப்பாண்டிக்காரி. எங்கள் பக்கம் அவியல், எரிசேரி, புளிசேரி, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு) என்று சைவக் கூட்டான் வரிசைதான் பிரதானம். அதில் ஒன்றுகூடத் தேங்காய் இல்லாமல் நடக்காது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டம், தேங்காயை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். ஆக, தேங்காய் வேண்டுமா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் கேள்வியே இல்லை. எப்படி, எப்போது, யார் என்பதுதான் கேள்வி.

அந்த ராத்திரி ரசமும் பப்படமும் வைத்து ஒப்பேற்றினோம். சாளை மறுநாள் பொரியலாகப் போனது. அதற்கு அப்புறம் ஏழெட்டு மாதமாக எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது உதவலாம்.

முதலில் அம்மி.

மாமிக்கு, அதாவது இவர் அம்மாவுக்கு, அம்மி என்றால் உயிர். "மக்களே, கல்லுல அரைச்ச கறிய ஒருநாளு தின்னு பாரு, பெறகு மிக்சி பக்கம் போவமாட்ட" என்று சொல்லித்தான் தன் பழைய அம்மியை எங்களுக்குத் தரப் பார்த்தார். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்து, போஸ்டெல்லாம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பக்கத்து வீட்டு மிக்சிகளெல்லாம் பொம்மையாக உட்கார்ந்திருக்க, மாமி வீட்டு அம்மியில் வரிசையில் நின்று அரைத்தார்களாம். அந்தக் கதையை வாரம் ஒரு தடவை கேட்கிறேன். நியாயமான கதைதான்.

ருசியில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மிக்சி பிளேடு தேங்காயை வெட்டுகிறது, அம்மி நசுக்குகிறது. நசுங்கும்போது தேங்காயின் எண்ணெயும் உள்ளி (வெங்காயம்), வத்தல் (காய்ந்த மிளகாய்) சாறும் ஒன்றோடொன்று இழைந்துவிடும். தண்ணீரும் கையால் தெளிக்கிற அளவு போதும். மிக்சியில் ஜார் சுற்றுவதற்கே அரை டம்ளர் தண்ணீர் கேட்கும்.

ஆனால் மாடி வீட்டில் அம்மி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழவி உருளுகிற சத்தம் கீழ் வீட்டுக்காரருக்கு இடி இடிக்கிற மாதிரி கேட்கும். கல் வழவழப்பாகிவிட்டால் கொத்த ஆள் தேட வேண்டும். கொத்தின பிறகு அரிசியும் தவிடும் போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டினால்தான் கல்பொடி போகும். மீன்கறிக்கு அரை முறித் தேங்காயைப் பட்டு போல அரைத்தெடுக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது, தோள்பட்டை வலி தனி. மாமிக்குப் பத்து நிமிடம். முப்பது வருடப் பழக்கத்தோடு நான் போட்டி போட முடியாது.

அடுத்தது மிக்சி. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக்சி மேல் போடுகிற பழியில் பாதி நம் அவசரத்தின் மேல் போட வேண்டியது.

பிளேடு வேகமாகச் சுற்றும்போது ஜார் சூடாகும். பச்சைத் தேங்காய் அந்தச் சூட்டில் எண்ணெய் கக்கும். அவியலுக்கு இது ஆகாது. அவியலுக்குத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் மூன்றும் ஒன்றிரண்டாக இருக்க வேண்டும், அரைபட்டால் குழம்பு மாதிரி ஆகிவிடும். துவரனுக்கும் அப்படித்தான். இதற்கு வழி சின்ன ஜாரில் தண்ணீர் விடாமல், விப்பில் மூன்றே மூன்று திருப்பு. நாலாவது திருப்பு திருப்பினால் போச்சு. இப்படிச் செய்து கொடுத்த அவியலை அம்மியில் சதைத்தது என்று நினைத்துத்தான் என் அம்மா சாப்பிட்டார்.

தீயலுக்கு நேர் எதிர். வறுத்த தேங்காய் எண்ணெய் கக்க வேண்டும், அதுதான் அதன் பக்குவம். முதலில் தண்ணீரே விடாமல் ஓட்டினால் பொடியாகும், அப்புறம் ஓரத்தில் ஒட்டும். வழித்து விட்டு மறுபடியும் ஓட்டினால் தானே இளகிக் களிம்பு மாதிரி வரும். அம்மிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், தீயலைப் பொறுத்தவரை மிக்சியும் அம்மியும் ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு. ஆறவிடாமல் சூட்டோடு ஜாரில் போடக் கூடாது, அவ்வளவே.

மீன்கறி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேங்காய், மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள், நாலு சின்ன உள்ளி. ஒரே மூச்சில் ஓட்டாமல், நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இல்லாத வரைக்கும் அரைக்க வேண்டும். நாலைந்து நிமிடம் ஆகும். நாம் ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிட்டு, "மிக்சில அரைச்சா கறி பிரிஞ்சுபோவுது" என்கிறோம். கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 750 வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒரு வாரம் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். தேங்காய் உடைத்து அரை முறி திருவ எட்டு நிமிடம். மிக்சியில் அரைக்க ஐந்து. ஜார் கழுவ இரண்டு. பெரும்பங்கு நேரம் அரைப்பதில் போகவில்லை, திருவுவதில் போகிறது. அம்மியா மிக்சியா என்று ஊரெல்லாம் பேசுகிறோம், திருவுகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமைச் சண்டையும் அரைப்பதைப் பற்றியது இல்லையே. இரவு எட்டே காலுக்குத் தரையில் உட்கார்ந்து திருவுவது யார் என்பதுதானே?

அதனால் பிறந்தது மூன்றாவது வழி, ஞாயிற்றுக்கிழமை டப்பா.

சனிக்கிழமை சாயங்காலம் வடசேரிச் சந்தையில் தேங்காய் வாங்கிவிடுவோம். ஞாயிறு காலையில் திருவுவது இவர் வேலை. இது ஒப்பந்தம், பேச்சுக்கே இடமில்லை. முதல் இரண்டு வாரம் திருவியதில் தேங்காய்ப்பூவெல்லாம் பழுப்பு. சிரட்டையை ஒட்டியிருக்கிற தோலையும் சேர்த்து வழித்துவிடுவார். "வெள்ளை தீர்ந்ததும் நிறுத்தணும், சிரட்டைய சுரண்டப்பிடாது" என்று மாமி போனில் பாடம் எடுத்தார். ஓரத்திலிருந்து தொடங்கி, முறியைக் கையில் சுற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும், ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது. இப்போது என்னைவிட வேகமாகத் திருவுகிறார். மேடையில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி வைத்த துருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். மாடியேறி வருகிறவர்களுக்குக் காட்டத்தான் ஆனது, முறி கொஞ்சம் பெரிதாக இருந்தால் அது சுற்றாது.

நாலு முறி திருவினதில் பாதியை வறுப்பேன். அடி கனத்த உருளியில், சிறு தீயில், சின்ன உள்ளி நாலைந்து, கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகு போட்டு கைவிடாமல் கிளற வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, ஈரம்தான் போகும். அப்புறம் வாசம் மாறும். பொன்னிறம் வந்ததும் இறக்கினால் அது தீயலுக்குப் பற்றாது. இன்னும் கொஞ்சம் போய், காபிப்பொடி நிறத்தைத் தொடுவதற்கு ஒரு படி முன்னால் மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடி போட்டு ஒரு கிளறு கிளறி உடனே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். உருளியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். ஒரு தடவை அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள், திறந்து விட்டு வருவதற்குள் இரண்டு முறித் தேங்காயும் கரி. 2025இல் தேங்காய் விலை ஏறிக் கிடந்த சமயம் வேறு. இவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடியும் திருவியைக் கையில் எடுத்தார். சண்டை அன்றைக்கே முழுசாகத் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

வறுத்தது தண்ணீர் சேர்க்காமல் அரைத்து, ஈரமில்லாத டப்பாவில், ஃபிரிட்ஜில். ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. வறுக்கும்போதே ஈரம் போய்விடுவதால் கெடுவதில்லை. எண்ணெய் உறைந்து மேலே கட்டியாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். புதன்கிழமை ராத்திரி வந்து உள்ளி வதக்கி, புளி கரைத்து விட்டு, இரண்டு கரண்டி இதைப் போட்டால் இருபது நிமிடத்தில் தீயல். பாகற்காய், முருங்கைக்காய், கத்தரி, எதுவானாலும் சரி.

மீதிப் பாதி பச்சைத் தேங்காய்ப்பூ ஃப்ரீசருக்கு. ஒரு வேளைக்கு ஒரு கவர், தட்டையாகத் தட்டி அடுக்கிவிட்டால் எடுத்த பத்தாவது நிமிடம் இளகிவிடும். ஒரே உருண்டையாக வைத்தால் கத்தியால்தான் வெட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ரீசர் தேங்காயைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் கொழுப்பு உறைந்தபடியே கிடந்து மணல் மணலாக வரும், கறியும் திரண்டு போகும். வெந்நீர், கை பொறுக்கிற சூட்டில், விட்டு அரைத்தால் புதுசுக்கு முக்கால் பங்கு கிட்டத்தில் வந்துவிடும். மீன்கறிக்கு அது போதும். அவியலுக்குப் போதாது. அவியல் வைக்கிற நாளில் புதுத்தேங்காய்தான். அதனால் வாரநாளில் நாங்கள் அவியல் வைப்பதில்லை.

கடையில் கிடைக்கிற தேங்காய்ப்பொடி, பாக்கெட் தேங்காய்ப்பால் இரண்டையும் ஆளுக்கொரு தடவை வாங்கினோம். பால் பாயசத்துக்கு ஆகும். பொடியில் வைத்த மீன்கறியை இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

சரி, அம்மிக்கு எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்கிற தேங்காய்த் துவையல். (இவர்கள் பக்கம் சம்மந்தி என்பார்கள். பெயரில் ஒரு சண்டை பாக்கி நிற்கிறது.) வத்தலைத் தணலில் சுட்டு, உப்பும் ஒரு துண்டு புளியும் சேர்த்து முதலில் கல்லில் நுணுக்கி, அப்புறம் தேங்காயும் சின்ன உள்ளியும் வைத்து, தண்ணீர் தொடாமல் இழுத்து உருட்டி எடுப்பது. மிக்சியில் இது வராது. தண்ணீர் விடாவிட்டால் சுற்றாது, விட்டால் சட்னி. அதற்காக மாடிக்கு அம்மி ஏற்றவில்லை. மாதம் ஒரு ஞாயிறு கருங்கல் போகிறோம். சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, பப்படம், மாமி அம்மியில் அரைத்த துவையல். மாமி அரைப்பார், நான் வழித்தெடுப்பேன், இவர் திருவுவார். மகன் திருவிக்கு முன்னால் உட்காருவதை முதல் தடவை பார்த்தபோது மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

எல்லா வீட்டுக்கும் எங்கள் கணக்குப் பொருந்தாது. பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அன்றன்றைக்குத் திருவி மிக்சியில் அரைப்பதே மேல், டப்பாவே வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் வறுக்கிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், அது அடுப்பை விட்டு நகரவிடாது. ஃப்ரீசர் கவர் மட்டும் போதும். கரண்ட் அடிக்கடி போகிற இடமானால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பச்சைத் தேங்காயைச் சேர்த்து வைக்க வேண்டாம். உறைந்து இளகி மறுபடி உறைந்த தேங்காயில் ஒரு காறல் வந்துவிடும், எந்த மசாலாவும் அதை மறைக்காது.

இப்போது மே கடைசி. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகு போகாது. மணக்குடிக்கு இந்தப் பக்கம் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் அந்தக் கணக்குதான். சாளை குறையும், விலை ஏறும். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தீயல், எரிசேரி, இடையிடையே கருவாடு. சனிக்கிழமைக்கு நாலு முறி பற்றாது, ஆறு முறி வேண்டும் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். திருவியின் நாக்கை மட்டும் ராவித் தரச் சொல்லியிருக்கிறார்.